கப்பலும் காடும் இரண்டு பிள்ளைகளும்

அந்தப் பயணத்தின் படங்கள் அக்காவின் கைப்பேசியில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எதிலும் என் முகம் கிடையாது. கைகள் உண்டு. ஒரு படத்தில் இளையவனின் இடுப்பைப் பற்றியிருக்கும் கை, இன்னொன்றில் மூத்தவளின் வாயைத் துடைக்கும் கை, வேறொன்றின் ஓரத்தில் பால் புட்டியோடு நீளும் கை. படமெடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பதால் அதில் வருத்தமில்லை. ஆனால் அவற்றைப் பார்க்கும் உறவினர்கள், "சின்னப் பிள்ளைகள வச்சுக்கிட்டு எப்படித்தான் அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தீகளோ" என்று வியப்பதும், அக்காவின் கணவர், "அதுல என்ன இருக்கு? பழக்கிட்டா பழகிக்கிரும்" என்று காலை நீட்டிக்கொண்டு பதில் சொல்வதும் இன்னும் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

அவரை நான் மாமா என்று அழைப்பேன். திண்டுக்கல்லில் தண்ணீர் மோட்டாரும் குழாயும் விற்கும் கடை வைத்திருக்கிறார். சென்ற ஆண்டு நன்றாக விற்றுக் கொடுத்ததற்காக ஒரு மோட்டார் கம்பெனி அவருக்குக் குடும்பத்தோடு கப்பல் பயணம் பரிசளித்தது. கொச்சியில் ஏறி, இரண்டு இரவுகள் கடலில் சுற்றிவிட்டு, கொச்சியிலேயே இறங்க வேண்டும். திரும்பும்போது மூணாறு, மறையூர் வழியாகக் காட்டுச்சாலையில் உடுமலைப்பேட்டைக்கு இறங்கிப் பழனி வழியே ஊர் வந்து சேரலாம் என்று மாமா தாமே மீதித் திட்டத்தை வகுத்துக்கொண்டார். பிள்ளைகள் கடலையும் பார்க்கும், காட்டையும் பார்க்கும். மூத்தவளுக்கு ஆறு வயது. இளையவனுக்கு மூன்று இன்னும் முடியவில்லை.

நான் கன்னிவாடியிலிருந்து தினமும் பேருந்தில் போய் முதுகலை இலக்கியம் படிப்பவள். விடுமுறையில் முடித்துக் கொடுக்க வேண்டிய ஆய்வுக்கட்டுரை ஒன்று இருந்தது.

"நான் வரலக்கா. எழுதுற வேலை கெடக்கு."

"அடி, கடல்ல உக்காந்து எழுது. யாரு வேணாங்குறா? ஒனக்கும் சேத்து டிக்கெட் போட்டாச்சு."

அதற்கும் நான் மறுத்தபோது அம்மா தலையிட்டாள். "பாவம்டி, ரெண்டையும் வச்சுக்கிட்டு அக்கா ஒத்தையில எப்படிச் சமாளிப்பா?"

கணவர் கூடவே வரும் ஒரு பயணத்தில் அக்கா ஒற்றை ஆளாகத்தான் இருப்பாள் என்பது அம்மாவுக்கு விளக்கம் தேவைப்படாத உண்மை. எங்கள் வீடுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் தாய், அவளது தங்கை, அதற்கும் ஆளில்லை என்றால் நாத்தனார். தகப்பன் வண்டி ஓட்டுவார். இது யாரும் வகுத்த சட்டமில்லை. அதனால்தான் இதை எதிர்த்து வாதாடவும் வழியில்லை.

கப்பலைப் பற்றி நான் கொண்டிருந்த கற்பனைகளை எழுதி வாசகரின் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. உள்ளே நுழைந்ததும் எனக்கு நினைவு வந்தது குளிர்பதனம் செய்த ஒரு பெரிய கல்யாண மண்டபம். அதே கம்பளம், அதே பளபளப்பு, சாப்பாட்டு வரிசையில் அதே நெரிசல். எங்களுக்குக் கொடுத்திருந்த அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. மூத்தவள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"சித்தி, கடல் எங்க?"

"இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்."

"அப்ப எதுக்கு நம்மள இங்க பூட்டி வச்சிருக்காங்க?"

முதல் நாள் மாலை கம்பெனி விருந்து நடந்தது. பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. அக்கா புதுப் பட்டுச்சேலையோடு வாசலில் தயங்கி நின்று, "செத்த நேரம் பாத்துக்க, வந்துர்றேன்" என்றாள். அவள் போன சிறிது நேரத்தில் கப்பல் அசையத் தொடங்கியது. மூத்தவள் என் மடியிலும் இளையவன் படுக்கையிலும் வாந்தியெடுத்தார்கள். ஒருவரைக் குளியலறைக்குத் தூக்கிப் போனால் மற்றவர் கதறினார். மேல்தளத்தில் ஒலித்த பாட்டின் அதிர்வு மட்டும் கூரை வழியே எங்கள்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பி வந்தபோது அறையைக் கழுவித் துடைத்து முடித்திருந்தேன். "ஒனக்குப் பரவால்லடி, நிம்மதியா படுத்திருந்த. அங்க ஒரே சத்தம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, மனதாரச் சொன்னாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மறுநாள் காலை மேல்தளத்தில் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. மாமா இளையவனைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பியின்மேல் நிறுத்தினார். பின்னணியில் வெறும் கடல். ஒரு கையால் பிள்ளையின் சட்டையைப் பற்றியபடி மறு கையால் கைப்பேசியை நீட்டி, "அப்பாவப் பாரு, சிரி" என்றார்.

"மாமா, எறக்குங்க."

"ஏம்மா, நான் இருக்கேன்ல?"

"எறக்குங்க மாமா."

"எங்க புரொபசரம்மாவுக்கு எதப் பாத்தாலும் பயம்" என்று பக்கத்திலிருந்த விற்பனையாளர்களைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் சிரித்தார்கள். அக்காவும் கொஞ்சம் சிரித்தாள். நான் போய்ப் பையனின் கணுக்காலைப் பற்றிக்கொண்டேன். கை தெரியும் படங்களில் அதுவும் ஒன்று.

ஊர் திரும்பும் நாளன்று மறையூரில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினோம். அங்கிருந்து சாலை கீழே இறங்கியது. தேயிலைப் பசுமை தீர்ந்து முள்மரங்களும் காய்ந்த புல்லும் வந்தன. எங்கள் பக்கத்து வெயில் அங்கேயே தொடங்கிவிட்டது. மாநில எல்லையில் இருந்த சோதனைச்சாவடியில் வனக்காவலர் குனிந்து பின்னிருக்கையைப் பார்த்தார். நானும் இரண்டு பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

"வெளிய வர்ற வரைக்கும் எங்கயும் நிறுத்தாதீங்க. கண்ணாடி ஏத்தியே இருக்கட்டும். குட்டி போட்ட யானை ஒண்ணு ரோட்டோரமாவே திரியுது. பிள்ளைங்க இருக்கு, பாத்துப் போங்க."

"சரிங்கண்ணே" என்றார் மாமா, மிகப் பணிவாக. சாவடி மறைந்ததும், "யானை இருக்காம்டா பாப்பா!" என்று உற்சாகமானார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மாமாவின் கடைவாசலுக்கு மாதத்துக்கொரு முறையாவது பாகன் ஒருவர் யானையை அழைத்து வருவார். கடைக்கு நல்லது என்று மாமா வேலையை நிறுத்திவிட்டு வெளியே வருவார். மகளைத் தோளில் ஏற்றி, அவள் கையாலேயே பழம் கொடுக்கச் சொல்வார். யானை பழத்தை வாங்கிக்கொண்டு அவள் தலையில் தும்பிக்கையை வைக்கும். அவள் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வாள். கைக்குழந்தையாக இருந்த நாள்முதல் நடக்கும் வழக்கம் இது. யானை என்றால் பழம் கொடுக்க வேண்டும், தலை குனிய வேண்டும். அவளுக்கு வேறு யானை தெரியாது. முப்பத்தைந்து வயதான அவள் தகப்பனுக்கும் தெரியாது என்பதை அன்று அறிந்தேன்.

ஒரு வளைவைக் கடந்ததும் யானை நின்றிருந்தது. சாலையை ஒட்டிய பள்ளத்துக்கு அப்பால் மூங்கில் புதரின் முன்னே, காலிடுக்கில் குட்டியோடு. மாமா வண்டியை நிறுத்தினார்.

"ஏங்க, வேணாங்க" என்றாள் அக்கா, கோயிலில் பேசுகிற குரலில்.

மாமாவின் ஒரு கையிலிருந்த கைப்பேசியில் வீடியோ ஓடத் தொடங்கியிருந்தது. மறு கை கதவிலிருந்த பொத்தானை அழுத்தியது. பின்பக்கக் கண்ணாடி, நான் தொடாமலே, மூத்தவளின் பக்கம் இறங்கியது. சூடான காற்றும் யானையின் வாடையும் உள்ளே வந்தன.

"பாப்பா, பழத்தைக் குடு. தலையக் குனிஞ்சுக்க. ஆசீர்வாதம் வாங்கிக்க."

குழந்தை அப்படியே செய்தது. இருக்கையில் முழங்காலிட்டு, ஒரு வாழைப்பழத்தைப் பிடித்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கண்ணை இறுக மூடி, தலையைக் குனிந்து காத்திருந்தது. தகப்பன் சொல்லைக் கேட்டு நடக்கும் பிள்ளைகளை எல்லோரும் புகழ்கிறார்கள்.

யானையின் காதுகள் அசைவதை நிறுத்தி விரிந்து நின்றன. நான் மூத்தவளின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் இருக்கையில் சரிந்தாள். பழம் சாலையில் விழுந்தது. "கண்ணாடிய ஏத்துங்க!" என்று கத்தினேன். எனக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்கே அதுவரை தெரியாது.

"இரும்மா, வீடியோ ஓடிக்கிட்டிருக்கு" என்றார் மாமா.

யானை பள்ளத்தைத் தாண்டி ஒரு காலைச் சாலையில் வைத்தது. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அவசரத்தில் கிளட்சை விட்டதில் வண்டி ஒரு குலுக்கலோடு அணைந்துபோனது. மறுபடி சாவியைத் திருப்பிக் கிளம்பியபோது பின்னாலிருந்து வந்த பிளிறலில் இளையவன் அழவும் மறந்து என் கழுத்தைப் பற்றினான். சிறிது தூரம் அது துரத்தி வந்தது. பிறகு குட்டியை நோக்கித் திரும்பிவிட்டது. மாமா, "சும்மா பயங்காட்டுது" என்றார். சொல்லிக்கொண்டே எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றினார்.

காடு முடியும் சாவடிக்கு வெளியே ஒரு தேநீர்க்கடை இருந்தது. எல்லோரும் இறங்கினோம். அக்கா மகளின் கையைத் தூக்கிப் பார்த்தாள். என் விரல்கள் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"பிள்ள கையப் பாரு! இப்படியாடி புடிச்சு இழுப்ப?"

அந்த நாளில் நடந்த எல்லாவற்றிலும் அக்காவுக்குப் பேசத் துணிச்சல் வந்தது அந்தச் சிவப்பைப் பற்றி மட்டும். மாமா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ கத்துனதுதான் விழுந்திருக்கு. யானையோட வாலுகூட விழல" என்று சலித்துக்கொண்டார். தேநீர் உள்ளே போனதும் அவருக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது.

"சாவடி கேட்ட மூட இன்னும் நேரமிருக்கு. ஒரு தடவ உள்ள போயிட்டு வந்துருவோம். குட்டிய வச்சுக்கிட்டு எங்க போயிரப் போகுது, அங்கனதான் நிக்கும். ஏலே பாப்பா, ஆசீர்வாதம் வாங்கலைல்ல?"

மூத்தவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

"பிள்ளைக வராது மாமா" என்றேன்.

"யாரும்மா அதச் சொல்றது?"

"நான்."

"இங்க பாரு, படிச்சா மட்டும் போதாது. கொஞ்சம் தைரியமும் வேணும். நான் இருக்கேன்ல?"

"அப்பவும் நீங்க இருந்தீங்க மாமா. கண்ணாடிய எறக்குனது நீங்கதான்."

தேநீர்க்கடையில் பேச்சு நின்றது. அக்கா என் தோளை இடித்து, "வாய மூடுடி" என்றாள். மாமாவின் முகம் கறுத்தது. அவர் பேசாமல் போய் வண்டியில் ஏறி, அதைக் காட்டை நோக்கித் திருப்பி நிறுத்தி, ஒலிப்பானை அடித்தார். அக்கா இளையவனை வாங்கக் கையை நீட்டினாள். அவளும் ஏறத்தான் போகிறாள் என்பதைக் கண்டேன். அவர் சொன்னால் ஏறுவாள். எட்டு ஆண்டுகளாக அப்படித்தான் ஏறியிருக்கிறாள். இந்த இரண்டு பிள்ளைகளின் பசி, தூக்கம், வாந்தி, மூத்திரம் எல்லாம் பயணம் முழுக்க என் பொறுப்பாக இருந்தன. உயிர் மட்டும் வண்டி ஓட்டுகிறவருடைய விருப்பம் என்றால் அந்தப் பொறுப்புக்கு என்ன பொருள்?

மூணாறிலிருந்து வரும் பேருந்து சாவடியில் நின்றிருந்தது. இளையவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூத்தவளின் சிவக்காத கையைப் பிடித்து அதை நோக்கி நடந்தேன்.

"பழனி போகுமாண்ணே?"

"உடுமலை வரைக்குந்தாம்மா. அங்க மாறிக்கங்க."

"ஏய்! எங்க போற? அது என் பிள்ளைக!" மாமா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருந்தார்.

"ஆமா மாமா. நீங்க மட்டும் போயி வீடியோ எடுத்துட்டு வாங்க. பிள்ளைகள நான் வீட்டுல கொண்டுபோய் விட்டுர்றேன்."

ஏறிவிட்டேன். நடத்துநர் எங்களையும் வெளியே நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா காருக்கும் பேருந்துக்கும் நடுவில், பிள்ளைகளின் துணிப்பையைப் பிடித்தபடி நின்றாள். மாமா அவள் பெயரைச் சொல்லி இருமுறை அழைத்தார். பேருந்து உறுமியபோது அவள் ஓடிவந்து ஏறினாள். என் பக்கத்தில் இடமிருந்தும் முன்னிருக்கையில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தன பேருக்கு முன்னாடி அவர அசிங்கப்படுத்திட்ட. இப்ப சந்தோசமா ஒனக்கு?" என்றாள், திரும்பாமலே. நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்தேன். பேசியிருந்தால் கோபத்தில் அவளையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

மாமா காட்டுக்குள் போகவில்லை. அவர் கார் உடுமலை வரை எங்கள் பேருந்துக்குப் பின்னாலேயே ஒலிப்பானை அடித்துக்கொண்டு வந்தது.

மூத்தவள் வெளியே பார்த்தபடியே கேட்டாள். "சித்தி, அந்த யானை நம்மள அடிச்சிருக்குமா?"

"அடிச்சிருக்கும்" என்றேன். "காட்டு யானை ஆசீர்வாதம் பண்ணாது."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

முன்னிருக்கையில் அக்காவின் முதுகு விறைத்தது. அந்த வீட்டில் அவரைக் குறித்து யாரும் சொல்லாத சொல் அது. திரும்பி என்னை அறைவாளோ என்றுகூட நினைத்தேன். அவள் திரும்பவில்லை.

உடுமலைப் பேருந்து நிலையத்தில் கார் எங்களுக்கு முன்னே வந்து நின்றது. மாமா இறங்கி இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. அக்கா அவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு பழனிப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்து, ஏறி, ஒரு ஜன்னலோர இருக்கையின் தூசியை முந்தானையால் தட்டிவிட்டு, மகளைக் கூப்பிட்டாள். மகனைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.