லாஞ்ச் மேல் போட்ட பழி

கார்டன் ரீச்சுக்குக் குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டிலிருந்து "குருபிரசாத்!" என்று நாளுக்கு நாற்பது தடவை சத்தம் கேட்கவும், யாரோ வாலுப் பிள்ளை என்றுதான் தாயம்மாள் நினைத்தாள். எட்டிப் பார்த்தால், நரைத்த மீசைக்காரர் ஒருவர், கைகால் விழுந்த தகப்பனாருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

பகலில் ஆயா வருவாள். ஆனாலும் குளியலும் காலைச் சாப்பாடும் பெரியவருக்கு மகன் கையால்தான் ஆகவேண்டும். அதனால் குருபிரசாத் லாஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஆற்றைக் கடந்து ஹவுரா பட்டறைக்குப் போய்ச் சேர தினமும் தாமதம். நிஜத்தைச் சொல்லக் கூச்சப்பட்டு, லாஞ்ச் லேட் என்று சொல்லிவந்தார். ஒருநாள் முதலாளி கோஷ் பாபுவே லாஞ்சில் வந்தார். அது நேரத்துக்கு வந்துவிட்டது. அன்றும் லாஞ்ச் லேட் என்ற குருபிரசாத்திடம், நாளைக்குச் சரியான காரணம் சொல்லாவிட்டால் வேலை கிடையாது என்றுவிட்டார்.

"என்னத்தைக்கா சொல்ல?" என்று அன்று மாலை தாயம்மாளிடம் வந்து கேட்டார்.

"திருடினதையா சொல்லப்போற? அப்பாவைக் குளிப்பாட்டினேன்னு சொல்லு தம்பி!"

சொன்னார். கோஷ் பாபு சிரித்துவிட்டார். "அரே, படுத்த படுக்கையா இருந்த எங்கம்மாவை வெச்சுக்கிட்டு என் பெண்டாட்டி பட்ட பாடு எனக்குத் தெரியாதா? பத்து மணிக்கு வா, ஏழுக்குப் போ. பாவம், அந்த லாஞ்சை விட்டுடு."

இப்போது குருபிரசாத் பத்து மணிக்கு வேலைக்குப் போகிறார். ஞாயிறு மாலைகளில் பெரியவரைத் தாயம்மாள் பார்த்துக்கொள்ள, அவர் தெருமுனை கிளப்பில் கேரம் ஆடுகிறார்.