விசாலாட்சி மாமிக்குப் பிற்பாட்டு

உருத்திரபுரத்து ஞானேஸ்வரி நாற்பத்திரண்டு வயதுவரை வயலில்தான் பாடினாள். செத்தவீட்டிலும் பாடுவாள். அதற்கெல்லாம் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பெண் மேடையேறிப் பாடினால் மட்டும் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்பது அவள் தகப்பன் ஐயாத்துரையின் நினைப்பு.

தொண்ணூற்று நாலில் யோகலிங்கம் மாஸ்டர் புதிதாக ஓர் இசைநாடகம் எழுதினார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டிய காலத்தில் துணிந்து மேடையேறிய மூன்று பெண்களின் கதை. அவர்களில் ஒருத்தி விசாலாட்சி, ஐயாத்துரையின் தங்கை, ஞானேஸ்வரிக்கு மாமி. குடும்பம் முன்பு குடாநாட்டில் இருந்தபோது ஒரேயொரு தரம் ஆடினாள். மறுநாளே ஐயாத்துரை அவளை அறைக்குள் விட்டுப் பூட்டினார். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது அவளுக்குக் குரல் போயிருந்தது. வாய் மட்டும் அசையும். அப்படியே இருந்து செத்தும் போனாள்.

இதை மாஸ்டருக்குச் சொன்னதே ஞானேஸ்வரிதான். தகப்பனுக்குத் தெரியாமல் சொன்னாள். மாமியின் வேடமும் அவளுக்கே வந்தது. அதை ஆடாவிட்டால் தன் கட்டை வேகாது என்று மாஸ்டரிடம் சொன்னாள்.

ஒத்திகையில்தான் வில்லங்கம் தொடங்கியது. ஒவ்வோர் அடியும் பாடிவிட்டு அவள் நின்றாள்.

"ஏனக்கா நிக்கிறியள்?"

"பிற்பாட்டு முடியட்டும் மாஸ்டர்."

கூத்தில் அது வழக்கம்தான். ஆடுபவர் ஓர் அடி பாட, பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். ஆனால் இது ஆர்மோனியத்துக்குப் பாடும் நாடகம்; இதில் பிற்பாட்டுக் கிடையாது.

"பிற்பாட்டுக்கு ஒருத்தரையும் விடேல்லையே. ஆர் பாடினது?"

ஞானேஸ்வரி திரும்பினாள். பின்னால் ஓலைத்தட்டி மட்டும் இருந்தது. சற்று முன்தான் அங்கிருந்து ஒரு பெண் குரல், மெலிந்த குரல், அவள் பாடிய அடியைச் சொல் பிசகாமல் பாடியிருந்தது.

மறுநாளும் அவளுக்கு மட்டும் கேட்டது. அதற்கு மறுநாளும். மாஸ்டர் பொறுமையிழந்தார். "இன்னொருக்கா நிண்டியள் எண்டால் வேசத்தை ராஜினிக்குக் குடுத்திடுவன். சொல்லிப்போட்டன்."

அதன்பிறகு அவள் நிற்கவில்லை. அந்தக் குரலுக்கு மேலாலேயே பாடினாள். பாடும்போதெல்லாம் பாவமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அழுதாள். ஆனாலும் வேடத்தை விட மனம் வரவில்லை.

கரண்ட் இல்லாத ஊர். அரங்கேற்றத்தன்று பின்னேரம் நாலு மணிக்கே நாடகம் தொடங்கியது. ஐயாத்துரைக்கு ஒருவரும் சொல்லவில்லை. நாற்பது வருடம் கூத்துகளுக்குப் பிற்பாட்டுப் பாடிய மனிதர், ஆர்மோனியச் சத்தம் கேட்டால் வீட்டில் இருப்பாரா? முன்வரிசைக் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பூட்டிய அறைப் பாட்டு வந்தது. "அண்ணை, கதவைத் திறவுங்கோ."

அந்த அடியின் பிற்பாட்டை மிதித்துக்கொண்டு போக அவளால் முடியவில்லை. வேடம் போனால் போகட்டும் என்று நின்றாள். ஆர்மோனியத்தில் மாஸ்டரின் விரல்களும் நின்றன. ஓலைத்தட்டிப் பக்கமிருந்து அன்று ஒன்றும் வரவில்லை.

குரல் முன்னாலிருந்து வந்தது. அடி நின்றதும் பழகிய வாய் தானாகத் திறக்க, ஐயாத்துரை பாடினார். "அண்ணை, கதவைத் திறவுங்கோ." ஆனால் அது அவருடைய கட்டைக்குரல் இல்லை. மூன்று மாத ஒத்திகையிலும் ஞானேஸ்வரி கேட்ட அதே பெண் குரல்.

பக்கத்திலிருந்தவர்கள் கதிரைகளை இழுத்துக்கொண்டு விலகினார்கள். கிழவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரல்களுக்கிடையாலும் அது வந்தது. திறவுங்கோ, திறவுங்கோ.

பாடியவர் அடுத்த அடியை எடுக்கும்வரை பிற்பாட்டை நிறுத்தக்கூடாது. அவருக்குத் தெரியாததா? கண்ணீர் வழிய மகளைப் பார்த்து, எடு, எடு என்று தலையால் கெஞ்சினார்.

ஞானேஸ்வரி எடுக்கவில்லை.