செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிய மெஷின்

எங்கள் பட்டறையின் முதல் சி.என்.சி. மில்லிங் மெஷினைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்று இத்தனை வருடமாகப் பெருமையடித்து வருகிறேன். உண்மையில் நான் கைகாட்டியது வேறொரு மெஷினை. அதில் கலர் திரை இருந்தது, காரணம் அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் நான் ஏழாம் வகுப்பு. சின்னமனூரில் அப்பா வைத்திருந்த லேத் பட்டறையில் ஏலக்காய் ட்ரையருக்கும் மருந்தடிக்கும் பம்புக்கும் உதிரிபாகங்கள் செய்தார்கள். கம்ப்யூட்டர் சொற்படி இரும்பைக் குடையும் மெஷின் ஒன்றை வாங்குவதற்காக, சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டத்தில் பாதியை அப்பா விற்றுவிட்டார். தப்பான மெஷின் வந்து சேர்ந்தால் தோட்டமும் போச்சு, பட்டறையும் போச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் எனக்குக் கம்ப்யூட்டர் அத்துப்படி என்று வீட்டில் அளந்து வைத்திருந்தேன். பள்ளியில் கம்ப்யூட்டர் அறைக்குள் எங்களை ஒரே ஒருமுறை விட்டிருந்தார்கள். உள்ளே போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதைத் தவிர அங்கே நான் எதையும் கற்கவில்லை.

"அப்ப நீயும் வா ஆத்தா. எனக்கு என்னத்தத் தெரியும்" என்று அப்பா என்னையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போனார்.

விற்பனைக் கூடத்தில் இரண்டு மெஷின்கள். கலர் திரை வைத்தது கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளத்தது. மற்றது சாம்பல் நிறத்தில், நெல்குதிர் போலப் பருத்து நின்றது. நான் நிபுணர் வேலையைத் தொடங்கினேன்.

"செருப்பக் கழட்டுப்பா. கம்ப்யூட்டருக்கு ஆகாது."

அப்பா மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டு, சன்னதியில் நிற்பதுபோல் நின்றார். விற்பனையாளர் பதறிப்போனார்.

"ஏனுங்க, கீழ இரும்புச் சீவல் கெடக்குதுங்க. காலக் கிழிச்சுப்போடும்."

"இருக்கட்டும் தம்பி. பிள்ள படிச்சது, சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

பளபளப்பானது முதலில் ஓர் இரும்புக் கட்டியைக் குடைந்து காட்டியது. திரையில் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓட, "இதையே வாங்குப்பா!" என்று குதித்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, அதே மாதிரி இரும்புக் கட்டியை அதே ஆழத்துக்குச் சாம்பல் மெஷின் குடைந்தது. அப்பா பாதங்களை அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, அத இன்னொருக்க ஓட்டுங்க."

ஓட்டினார்.

"அங்கன நின்னா உள்ளங்காலு கூசுது. இங்கன பாறையில நிக்கிற மாதிரி இருக்கு. நடுங்குற கை நேரா அறுக்குமா? எனக்கு இதையே குடுங்க."

விற்பனையாளர் அப்பாவின் வெறுங்காலைப் பார்த்தார். "இந்த நடுக்கத்தக் கண்டுபிடிக்க மீட்டரெல்லாம் வெச்சுப் பாப்பாங்க, அண்ணா" என்றார்.

அந்தச் சாம்பல் மெஷின் பிறகு பல வருடம் அசராமல் ஓடியது. அன்றைக்கோ, பஸ்ஸில் நானும் அப்பாவும் முறுக்குத் தின்று சிரித்தே ஊர் வந்து சேர்ந்தோம். வாசலிலேயே அம்மாவிடம், நான் மட்டும் போகாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று ஆரம்பித்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. அவள் சொன்னதை வெறும் பொறாமை என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டேன்:

"ஒனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு அவுகளுக்குத் தெரியாதாக்கும்? தோட்டத்த வித்துப்புட்டு அம்புட்டுத் தூரம் தனியா ஒக்காந்து போகப் பயந்தாக. பேச்சுத் தொணைக்குத்தான் ஒன்னயக் கூட்டிட்டுப் போனாக."