கத்தி அக்காவின் முதுகு

“யாரது? கேரட்டுல கை வச்சது யாரு?” என்று சமையல்கார அக்கா கத்துவார். ஆனால் திரும்பிப் பார்க்க மாட்டார். பள்ளிக்கூட கேன்டீனின் குழாயடியில் நின்று, ஏற்கெனவே கழுவிய கரண்டியையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னால், பிள்ளைகளின் வரிசை வளைந்து வரும் இடத்தில், ஒரு தட்டு கேட்பாரற்றுக் கிடக்கும். அதில் விரல் நீளத்துக்கு நறுக்கிய கேரட், வெள்ளரி, முள்ளங்கி. ‘மொறுக்’ என்று ஒரு சத்தம் வரும். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இருங்க, இன்னைக்கு யாரையாவது பிடிக்கத்தான் போறேன்” என்பார். இதுவரை ஒருவரையும் பிடித்ததில்லை.

பிள்ளைகள் வைத்த பெயர் கத்தி அக்கா. கையில் எப்போதும் கத்தி இருப்பதாலா, எப்போதும் கத்திக்கொண்டிருப்பதாலா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அக்காவைக் கேட்டால், “ரெண்டுந்தான், தள்ளி நில்லு” என்பார்.

ஆள் குட்டை. பலகை போட்டு ஏறி நின்றால்தான் பெரிய பாத்திரத்தைக் கிளற முடியும். முழங்கைவரை எந்நேரமும் ஈரம். காய்களைப் பற்றிப் பேசினால் ஏதோ சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். “இந்த முள்ளங்கிக்கு வாய்க்கொழுப்பு. கொஞ்ச நேரம் தண்ணியில கிடந்தா அடங்கிடும்.” “பூசணி பாவம், சொன்ன பேச்சு கேக்கும்.”

முன்பெல்லாம் காயை வேகவைத்துத் தட்டில் போட்டு, “கண்ணுல்ல, தங்கம்ல” என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர்தான். போட்டது போட்டபடி எச்சில் வாளிக்குப் போகும். ஒருநாள் தலைமையாசிரியை அந்த வாளியை எட்டிப் பார்த்துவிட்டார். “வாங்குறதெல்லாம் குப்பைக்குத்தான்னா எதுக்கு வாங்கணும்? இப்படியே போனா காயை நிறுத்திட்டு பிஸ்கட் பாக்கெட் குடுத்துடலாம்.”

அந்தப் பேச்சில் வந்த கோபத்தோடு அக்கா வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சண்டை போட்டார். அந்த மனிதர் என்ன செய்தார், பாவம். “வளர்ற பிள்ளைங்களுக்கு பிஸ்கட்டாம்! நான் உசிரோட இருக்கேன்ல?” என்று அவரிடம் கத்தினார்.

மறுநாளும் கோபம் தணியவில்லை. அந்த எரிச்சலில், வேகவைக்க நறுக்கிய கேரட்டை வரிசைக்குப் பக்கத்திலேயே மறந்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். வந்து பார்த்தால் தட்டு காலி. வழக்கம்போலக் கத்தினார். கத்தும்போதே கவனித்தார்: வரிசை முழுக்கக் கன்னங்கள் உப்பியிருந்தன. காயைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் கண்ணாடிக்காரி ஒருத்தி, மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அவசர அவசரமாக மென்றுகொண்டிருந்தாள். அக்காவுக்குப் பொறி தட்டியது. “குடுத்தாத்தானே வேணாம்ங்கும்? தானா எடுத்தா தின்னுதானே ஆகணும்!”

அன்றிலிருந்துதான் மறதித் தட்டும் கரண்டிக் குளியலும். வாளியின் அடி தெரிய ஆரம்பித்தது. ஆனால் இந்த நாடகமும் ஒருநாள் தலைமையாசிரியை கண்ணில் பட்டது. “கேன்டீன்லயே திருட்டுப் பழக்கம் கத்துக்குடுக்குறீங்களா?” தட்டு பரிமாறும் மேடைக்கு ஏறியது. ஓர் ஆசிரியை இடுக்கியால் எடுத்து, ஒழுங்காக, ஆளுக்குக் கொஞ்சம் வைத்தார். ஒழுங்காக அத்தனையும் வாளிக்குப் போனது.

அக்கா அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே தலைமையாசிரியை அறைக்குப் போய், மேசைக்கு முன்னால் இறக்கிவைத்தார்.

“திருட்டுன்னா அடுத்தவங்க பொருளை எடுக்குறது மேடம். இது அதுங்க சாப்பாடு. அதுங்க பங்கை அதுங்களே எடுத்துக்குதுங்க, அவ்வளவுதான். காயை நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்து நின்னு பாத்துட்டு நிறுத்துங்க.”

தலைமையாசிரியை மறுநாளே வந்தார். தட்டு பழைய இடத்துக்கே வந்திருந்தது. அவர் அதற்கு நேரெதிரே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். வரிசையில் ஒரு கைகூட நீளவில்லை. கண்ணாடிக்காரி தட்டைப் பார்ப்பதும் தலைமையாசிரியையைப் பார்ப்பதுமாக எச்சில் விழுங்கினாள். “பாத்தீங்களா, யாருக்குமே வேண்டாம்” என்றார் தலைமையாசிரியை.

அக்கா பலகையைவிட்டு இறங்கி வந்தார். எட்டாத அந்தத் தோள்களை எக்கி, ஈரக் கைகளாலேயே பிடித்து, தலைமையாசிரியையை அப்படியே சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பிறகு தானும் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.