சேர்மனுக்கு ஏற்ற ஃபில்டர்

அந்தக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில், சுவர்க்கடிகாரம் ஓடாத வீடு ஒன்று உண்டு. கடிகாரத்தில் பழுது ஒன்றுமில்லை. வீட்டுக்காரியே அதன் பேட்டரியைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். குளிர்சாதனப் பெட்டியின் நான்கு கால்களுக்கும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி மாட்டியிருந்தார். கதவுக் கீல்களுக்கு மாதம் இருமுறை எண்ணெய் விட்டு, விட்ட தேதியைக் கதவின் பின்புறம் பென்சிலால் குறித்து வைப்பார். படியேறும்போது தொண்டை கிழியப் பேசுகிறவர்கள்கூட அந்த வாசலைக் கடக்கையில் பூனை நடை நடப்பார்கள். 'சைலன்ஸ் அக்கா' என்று அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் அவருக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது.

எல்லாம் தொழில் செய்த வேலை. காது மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் பதினோரு ஆண்டுகளாக அக்கா செவித்திறன் சோதித்து வந்தார். சுவரெங்கும் பஞ்சு வைத்துத் தைத்த, ஒலி புகாத சிற்றறையில் நோயாளியை உட்காரவைத்து, அவர் கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, "கேட்டா அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்பார். அழுத்திய ஒவ்வொரு முறையும் படிவத்தில் ஒரு புள்ளி விழும். அந்தப் படிவங்களை மருத்துவர் படிப்பதைவிட அக்கா படிப்பதே அதிகம்.

அந்தக் கிளினிக்கின் வரவேற்பறையில் சேர்மன் இருந்தது. அது ஒன்றேகால் அடி நீளமுள்ள, ஜெயன்ட் கௌராமி என்ற தொட்டி மீன். தடித்த கீழுதடும் யாரையும் மதிக்காத பார்வையுமாக, காத்திருப்போரைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதுபோல் பார்த்துக்கொண்டே இருக்கும். விரல் நீளக் குஞ்சாக வந்த நாள்முதல் அதற்கு இரை போட்டது அக்காதான். காலையில் அவர் தலை தெரிந்ததும் கண்ணாடியோரம் பாய்ந்து வந்து வாயைப் பிளக்கும். மருத்துவர் வந்தால் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு திங்கட்கிழமை மருத்துவர் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"நாம சின்ன இடத்துக்கு மாறப்போறோம்மா. சேர்மனுக்கு அங்க எடமில்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை பதினோரு மணிக்கு மீன் வியாபாரி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுவார்."

"நான் எடுத்துக்கறேன் டாக்டர்."

"நீங்களா? உங்க வீட்டுலயா? தண்ணியைச் சுத்தம் பண்ற ஃபில்டர் ராப்பகலா சத்தம் போடுமே!"

வாய் முந்திக்கொண்டுவிட்டது; இனித் திரும்ப வாங்க முடியாது. மூடப்பட்ட ஓர் உணவுவிடுதியிலிருந்து அன்று மாலையே ஆறடித் தொட்டி வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஐந்நூற்று நாற்பது லிட்டர் பிடிக்கும். தொட்டிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்.

மீன்கடைக்காரர் மூன்று வகை ஃபில்டர்களை எடுத்து வைத்தார். தொட்டியின் விளிம்பில் தொங்குவது ஒன்று. மூடிய டப்பாவுக்குள் நீரை இழுத்து, பஞ்சு வழியாகத் திருப்பி அனுப்பும் கேனிஸ்டர் ஒன்று. மூன்றாவது சம்ப்: பெரிய தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி, மேலிருந்து வழியும் நீர் அதனுள் விழுந்து, அடுக்கடுக்கான பஞ்சைக் கடந்து, மோட்டார் வழியே மீண்டும் மேலேறும்.

"மேடம், உங்க சேர்மன் தின்னுற தீனிக்கு மணிக்கு நாலு தடவையாவது மொத்தத் தண்ணியும் சுத்தி வரணும். தொங்குறது இவருக்கு மூக்குத்திதான். கேனிஸ்டர்னா ரெண்டு வேணும். சம்ப்புன்னா ஒண்ணே போதும், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

"கண்ணை மூடலாங்க. காதை என்ன பண்றது?"

கடைக்காரர் சிரித்தார், அக்கா சிரிக்கவில்லை. மூன்றையும் சோதனைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செவ்வாய் முதல் வியாழன் வரை மதிய உணவு இடைவேளைகளில் நடந்ததைக் கிளினிக்கில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். பஞ்சுச் சுவர் அறைக்குள் நீர்த்தொட்டி ஒன்று போனது. நாளுக்கொரு ஃபில்டர் போனது. பின்னாலேயே அக்கா போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கையில் பொத்தான், மடியில் படிவம். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் 'கேனிஸ்டர்' என்றும் வயது என்ற இடத்தில் 'புதிது' என்றும் எழுதினார். வியாழனன்று தெரியாமல் கதவைத் திறந்த மருத்துவர், சம்ப்பின் பக்கத்தில் கண்மூடி அமர்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "இந்தப் பேஷன்ட்டுக்கு எந்தக் காதும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

தொங்குவது பதினான்கு முறை கேட்டது. கேனிஸ்டர் ஒன்பது, சம்ப் பத்து. அக்காவின் அளவுகோலின்படி மூன்று முறைக்கு மேல் காதில் விழுந்தால் தோல்வி. மூன்று ஃபில்டர்களும் தோற்றன.

வியாழன் மாலை அவர் மூன்று படிவங்களையும் மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் கைகழுவிவிட்டு வந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இன்னொரு ஃபாரம் எங்க?"

"எதுங்க?"

"எதையும் ஓடவிடாம நீ சும்மா உக்காந்து எழுதினது."

அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"லிஃப்ட்ல சத்தம்னு கம்ப்ளெயின்ட் வந்தா, நான் முதல்ல மோட்டாரை நிறுத்திட்டுத்தான் காதைக் கொடுப்பேன். பாதி நேரம் சத்தம் லிஃப்ட்ல இருக்காது, கம்ப்ளெயின்ட் குடுத்தவர் வீட்டு மிக்ஸியில இருக்கும். பதினோரு வருஷமா ஊர்க் காதையெல்லாம் சோதிக்கிற, இது தோணலையா?"

"தோணலை."

"நல்லவேளை, நீ லிஃப்ட் பக்கம் வரலை."

மறுநாள் அக்கா வெறும் அறைக்குள் வெறுங்கையோடு போய் உட்கார்ந்தார். ஃபில்டர் இல்லை, தொட்டி இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. கண்ணை மூடினார். வயிறு முனகியது: ஒன்று. கழுத்துப் பட்டை உரசியது: இரண்டு. எச்சில் விழுங்கியது ஓர் அணை திறந்ததுபோல் கேட்டது. காதுக்குள் இரத்தம் ஓடுவதும் கேட்டது. எண்ணி முடித்தபோது படிவத்தில் பதினோரு புள்ளிகள். கேனிஸ்டரையும் சம்ப்பையும்விட அக்காவே அதிகச் சத்தம் போட்டிருந்தார்! அந்த அறைக்குள் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அறை நன்றாகக் கட்டப்பட்டிருந்ததால் வெளியே ஒருவருக்கும் அது கேட்கவில்லை.

சோதனை வீட்டிற்கு இடம் மாறியது. ஞாயிறு பிற்பகல், ஒலியின் அளவைக் காட்டும் கிளினிக்கின் டெசிபல் மீட்டரைப் பிடித்துக்கொண்டு அக்கா படுக்கையறையில் நின்றார். கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஒன்றும் ஓடாதபோது முப்பத்துமூன்று. கேனிஸ்டர் ஓடியபோது முப்பத்தாறு. சம்ப் ஓடியபோது நாற்பத்துமூன்று. அதற்குள் மதிய உணவு கண்ணைச் சொருக, கணவர் கட்டிலில் சாய்ந்தார். மீட்டரின் முள் துள்ளியது: ஐம்பத்தேழு.

அக்கா மீட்டரைத் தட்டிப் பார்த்தார். மீண்டும் ஐம்பத்தேழு. சில சமயம் அறுபது. பதினாறு ஆண்டுகளாக இந்தக் குறட்டைக்குப் பக்கத்தில்தான் அவர் ஆழ்ந்து உறங்கி, காலையில் எழுந்து கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க! எந்திரிங்க! நீங்க சம்ப்பை ஜெயிச்சிட்டீங்க!"

"ம்ம்... எத்தனாவது மாடி?" என்றார் கணவர், கண்ணைத் திறக்காமலே.

திங்கட்கிழமை சம்ப் நிலையாகப் பொருத்தப்பட்டது. வழிகுழாயில் காற்றுப் புகுந்து கொப்பளிப்பதைக் கணவர் ஒரு வால்வை வைத்து அடக்கினார். கடைக்காரர் சொன்னபடி, கிளினிக் தொட்டியின் பழைய பஞ்சில் பாதியை வெட்டி வந்து புதிய பஞ்சுகளுக்கு நடுவே செருகினார்கள். "அழுக்கா இருக்கேன்னு கழுவிடாதீங்க மேடம், தண்ணியைச் சுத்தம் பண்ற நுண்ணுயிரெல்லாம் அதுலதான் குடியிருக்கு" என்று அவர் மூன்று முறை சொன்னதை அக்கா மூன்று முறையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, குடியிருப்பின் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்ற பலகை தொங்கியது. பழுது ஏதுமில்லை, மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் சேர்மன் தனியாகப் பயணம் செய்தது, அவ்வளவுதான். குலுங்காமல் நிற்கும்படி கணவர் முந்தின நாளே லிஃப்டைச் சரிசெய்திருந்தார். மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது, அக்கம்பக்கத்தார் பூனை நடையில் வந்து வரிசையாக நின்றிருந்தார்கள்.

புதிய தொட்டியில் இறங்கிய சேர்மன் ஒரு மணி நேரத்துக்கும் மேல் மூலையிலேயே நின்றது. நீர் சளசளவென்று கீழே விழுந்துகொண்டிருந்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியருகே போனார். சேர்மன் மெல்லத் திரும்பியது. கண்ணாடியோரம் பாய்ந்து வந்து வாயைப் பிளந்தது.

அப்போது தொலைபேசி அதிர்ந்தது. அதற்கு மணி கிடையாது. மருத்துவர் பேசினார்.

"வியாபாரிகிட்ட வேண்டாம்னு சொல்ல மறந்துட்டேன், வந்து நிக்கறார்மா. பேஷன்ட்டுங்க வேற சேர்மன் எங்கேன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

அக்கா பதில் சொல்ல வாயெடுக்கும்போது, கூடத்து நாற்காலியில் கணவரின் குறட்டை தொடங்கியது.

"டாக்டர், கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்றார் சைலன்ஸ் அக்கா. "எங்க வீட்டுல ஒரே சத்தம்."