கோயிலுக்கும் போகாத, வாத்து முட்டையும் தின்னாத மத்தியஸ்தர்

யூ சாய்லியென் நான்பூ ஊர்ச் சமரசக் குழுவில் மத்தியஸ்தர் ஆனதற்குக் காரணம் அவளுடைய ஞானம் இல்லை. குழுவில் நாலில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பதினோரு பேர் குழுவில் மூன்று பெண்கள் இருந்தார்கள். அதில் ஒரு அம்மாள் மகனோடு தைபேய்க்குக் குடிபோய்விட்டார். ஊர்த்தலைவர் அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது சாய்லியென் அவருடைய அடுப்பங்கரையில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"சாய்லியென், நீ குழுவுக்கு வர்றியா?"

"வந்து என்ன செய்யணும்?"

"உக்காந்திருக்கணும்."

"எவ்வளவு நேரம்?"

"வாரத்துல ஒரு மத்தியானம்."

"மத்தியானம் எனக்கு ஆர்டர் கம்மிதான்," என்றாள் அவள்.

பெயர் மாவட்ட நீதிமன்றத்துக்கும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் போய், ஆட்சேபணை இல்லை என்று திரும்பி வந்தது. ஐம்பத்தாறு வயதுவரை அவள் செய்திருந்த ஒரே குற்றம், மருந்துக்கடை வாசலில் குட்டி லாரியைத் தப்பாக நிறுத்தியது.

அவள் பிறந்த வீடு கிறிஸ்தவ வீடு. புகுந்த வீடு கேஸ் கடை வைத்திருந்த, தினமும் சாமிக்கு ஊதுபத்தி ஏற்றுகிற வீடு. புருஷன் ஈரல் கெட்டுப்போய் இறந்தபோது அவளுக்கு நாற்பத்தொன்று. அடக்கம் முடிந்து சாப்பாட்டு மேசைகள் போட்டிருந்தாள். சர்ச் ஆட்கள், இது தங்கள் முறைப்படி நடக்கவில்லை என்று போய்விட்டார்கள். புருஷன் வீட்டு ஆட்கள், பிரார்த்தனை நடந்த இடத்தில் சாப்பிட மாட்டோம் என்று போய்விட்டார்கள். பன்னிரண்டு மேசை. நாலு நாளைக்கு அவளே சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் கடையைத் திறந்து, இருபது கிலோ சிலிண்டரைத் தோளில் ஏற்றினாள். அன்றிலிருந்து இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் தாழ்ந்துதான் இருக்கிறது.

ஊரில் அவள் போகாத அடுப்பங்கரை இல்லை. ஒரே வீட்டில் இரண்டாவது அடுப்புக்கு சிலிண்டர் கேட்டால் அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்று அவளுக்குத்தான் முதலில் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

குழுவில் இரண்டு வருஷம் அவளை ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஸ்கூட்டர் மோதியவர்கள் ரிட்டையர்டு போலீஸ்காரரைக் கேட்டார்கள். வரப்புத் தகராறு உள்ளவர்கள் நில அளவை அலுவலகத்தில் இருந்த சென் என்பவரைக் கேட்டார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் பான். கேஸ் சிலிண்டர் தெரிந்த மத்தியஸ்தர் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாய்லியென் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து டீ ஊற்றினாள். மிகவும் நன்றாக ஊற்றினாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அப்படி இருக்கையில் சுவாங் தியென்திங்கின் வாத்துகள் முட்டையிடுவதை நிறுத்தின.

தியென்திங் ஊருக்கு வெளியே, கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஆயிரத்தெண்ணூறு வாத்து வைத்திருந்தார். அறுபத்தாறு வயது, ஒரு முழங்கால் போனவர். ஊர்க்கோயில் வாங்யே சாமி ஊர்வலம் எந்த வருஷமும் அந்தப் பக்கம் வந்ததில்லை. அந்த வருஷம் தண்ணீர்க் குழாய் போட ஊர்ச் சாலையைத் தோண்டியிருந்ததால் வந்தது. முரசு, ஜால்ரா, லாரியில் ஒலிபெருக்கி, வேலி ஓரமாக நீளமாகப் போட்ட சரவெடி. வாத்துகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. மறுநாளிலிருந்து முட்டை இல்லை. இருபத்தாறாம் நாள் தியென்திங் ஊர் அலுவலகத்துக்குப் போய்ச் சமரச மனு கொடுத்தார். 'கோரிக்கை' என்ற கட்டத்தில், "காசு வேண்டாம், நியாயம் வேண்டும்" என்று எழுதியிருந்தார். செயலாளர் லியாவ் அதை மூன்று தடவை படித்துவிட்டு, "இதைக் கொஞ்சம் விவரமா எழுத முடியுமாண்ணே?" என்று கேட்டார். "நியாயத்துக்கு என்னய்யா விவரம்?" என்றார் தியென்திங்.

எதிர்த்தரப்பு கோயில் தலைவர் கோங் யோங்சாங். அவரும் வந்தார். மஞ்சள் நிறக் கோயில் மேல்சட்டையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த மத்தியஸ்தரை வைத்துப் பேசுவது என்று முதலில் முடிவாக வேண்டும். சுவரில் பதினோரு பேரின் படமும் மாட்டியிருந்தது. லியாவ் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"பான் வாத்தியார்?"

"அவரு திருவிழாவுல மைக் புடிக்கிறவரு," என்றார் தியென்திங். "வேண்டாம்."

"போலீஸ்காரரு?"

"பல்லக்குல முன்கம்பு தூக்குறது அவன்தான். வேண்டாம்."

"சென்?"

இதற்கு யோங்சாங் தலையை ஆட்டினார். "அவரு வீட்டம்மா வாராவாரம் இவன்கிட்டதான் முட்டை வாங்குது. உப்புல ஊறப்போட்டு மகளுக்கு வேற அனுப்புது."

"முட்டை வாங்கினா கட்சி ஆயிடுமா?"

"பின்ன? நீ அதுக்கு ரெண்டு முட்டை கூடப் போட்டுக் குடுக்கிற. எனக்குத் தெரியாதா?"

இப்படியே பத்துப் படமும் போயிற்று. ஏழு பேர் வாங்யேவின் ஆள். மூன்று பேர் வாத்தின் ஆள். லியாவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாமியும் கும்பிடாம, முட்டையும் தின்னாம இந்த ஊர்ல ஒரு ஆளு வேணும்னா நான் எங்க போறது?" என்றார்.

சாய்லியென் அவருடைய கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். லியாவ் கோப்பையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க கோயிலுக்குப் போவீங்களா?"

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவேன்."

"வாத்து முட்டை?"

"தின்னா ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிடும்."

லியாவ் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் யோங்சாங்.

"யாரும் கேக்கலையே, தலைவரே."

இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் ஒரே மத்தியஸ்தர் போதும். கையெழுத்துப் போட்டார்கள். சாய்லியென் டீக்கெண்டியைக் கீழே வைத்துவிட்டு முதல் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். இரண்டு சிலிண்டரை ஒன்றாகத் தூக்கச் சொன்னால்கூட அவள் இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

முதல் அமர்வு உருப்படவில்லை. வழியை மாற்றியது தான் இல்லை, வாங்யேதான் என்றார் யோங்சாங். சாமி முன்னால், குறி கேட்கிற பிறைக் கட்டைகளைப் போட்டுக் கேட்டதாகவும், மூன்று தடவையும் 'சரி' என்றே விழுந்ததாகவும் சொன்னார்.

"அப்ப வாங்யேவைக் கூப்புடுங்க," என்றார் தியென்திங். "அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

லியாவின் பேனா நின்றது. "சம்மன் அனுப்ப முடியாதுண்ணே."

"ஏன் முடியாது? என் வீட்டுக்கு வர வழி தெரிஞ்சுதுல்ல அவருக்கு?"

இரண்டு மணி நேரம் இதுவே நடந்தது. ஒவ்வொரு தடவையும் சாய்லியென் வாயைத் திறந்தாள், ஒவ்வொரு தடவையும் யாராவது முந்திக்கொண்டார்கள். கடைசியில் அவள் சொன்னது ஒன்றுதான்.

"அடுத்த தடவை திங் அண்ணன் பண்ணையில வச்சுக்கலாம். எனக்கு அங்க ஒரு சிலிண்டர் மாத்தணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை யோங்சாங்கைத் தன் குட்டி லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். பின்னால் ஒன்பது சிலிண்டர் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் பின்னால் லியாவ் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை விட்டு இறங்கி யோங்சாங் வேலியருகே போனதுதான் தாமதம், ஆயிரத்தெண்ணூறு வாத்தும் ஒரே அலறலாகக் கோடி மூலைக்கு ஓடின.

"என்னய்யா இது?"

"ஒன் மஞ்சச் சட்டை," என்றார் தியென்திங். "அன்னிக்கு வந்தவனுங்க எல்லாம் அதைத்தானே போட்டிருந்தானுங்க."

"வாத்துக்கு நிறம் தெரியுமா?"

"நீயே பாக்கிறியே."

யோங்சாங் மேல்சட்டையைக் கழற்றிச் சுருட்டி இடுக்கிக்கொண்டார். பனியனோடு நின்றபோது தலைவர் மாதிரியே இல்லை. வாத்துகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

எல்லோரும் அடுப்பங்கரைக்குள் போனார்கள். தியென்திங் பெண்டாட்டி டீ போட வேண்டும், அதற்கு சிலிண்டர் மாற வேண்டும். சாய்லியென் குழாயை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தபடியே பேசினாள்.

"திங் அண்ணே, ஊர்வலத்தன்னிக்கு மூணு மணிக்கு இங்க வந்தேன். வாசல்ல படையல் மேசை போட்டிருந்தீங்க. அன்னாசி, கேக்கு, மூணு கோப்பை. பக்கத்துல போயிட்டுத் திரும்பி வரப்போ ஊர்வலம் போயிருந்துச்சு. மேசை அப்படியே இருந்துச்சு. பத்தியும் கொளுத்தல."

தியென்திங் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்டாட்டி, "சொல்லித் தொலைங்க," என்றாள்.

"இருபத்திரெண்டு வருஷம் அந்தப் பல்லக்கத் தூக்கினேன்," என்றார் அவர். "மூட்டு போனப்புறம் ஒருத்தன் எட்டிப் பாக்கல. சரி. இந்த வருஷம் இந்தப் பக்கம் வருதுன்னு கேள்விப்பட்டு, நாங்களே தேடிப்போக முடியாத சாமி நம்ம வாசலுக்கே வருதேன்னு காலையில இருந்து மேசை போட்டு நின்னோம். நிக்காமப் போறீங்க. மேசை போட்ட வீட்டுல நிக்காமப் போறீங்க. போறப்ப இவன் வண்டியில இருந்து கையை ஆட்டுறான், போ, போன்னு."

"டேய், வணக்கம் சொன்னேண்டா!" என்று கத்தினார் யோங்சாங்.

"போ போன்னு ஆட்டின மாதிரி இருந்துச்சு."

"வணக்கம்டா அது! நாலு மணிக்குள்ள ரோட்டைக் காலி பண்ணணும்னு போலீஸ்ல சொல்லிட்டான். முன்னாடி லாரிக்காரன் ஓட்டிட்டே போறான். எனக்கு ஒன் மேசையே தெரியல."

"அன்னாசி தெரியலையா?"

டீ வந்தது. சாய்லியென் அதை ஊற்றவில்லை. அவளுக்கும் யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மேசை போட்டு ஒருத்தரும் உட்காராத அந்த மத்தியானத்தை அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை. மத்தியஸ்தர் தன் சொந்தக் கதை பேசக்கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"மேசை போட்ட வீட்டுல நிக்காமப் போனது தப்புதான்," என்றார் யோங்சாங் பாதிக் கோப்பை குடித்தபிறகு. பனியனோடு இருந்ததால் அது அவருக்குச் சற்று எளிதாக வந்திருக்கலாம்.

"சத்தத்தைக் கேட்டா வாத்துக்கு ஆகாது. சாமி வரலேன்னா அண்ணனுக்கு ஆகாது," என்றாள் சாய்லியென். "சத்தமில்லாம வந்தா என்ன?"

"வாங்யே சத்தமில்லாம எப்பவும் போனதில்லையே."

"கேட்டுப் பாருங்களேன். கட்டை இருக்குல்ல?"

அன்று சாயங்காலமே கேட்டார்கள். சாய்லியென் கோயிலுக்குள் போகாமல் படிக்கட்டுக்குக் கீழே லாரியில் உட்கார்ந்திருந்தாள். முதல் தடவை 'இல்லை' என்று விழுந்தது. கேள்வியை மாற்றி, வாத்துப் பண்ணைக்கு முன்னால் மட்டும் என்று சேர்த்துக் கேட்டார்கள். மூன்று தடவை 'சரி' என்று விழுந்தது.

லியாவ் உடன்பாட்டை எழுதினார். அடுத்த வருஷம் பல்லக்கு பண்ணை வாசலில் ஒரு ஊதுபத்தி எரியும் நேரம் நிற்கும். இருநூறு மீட்டருக்கு முரசும் வெடியும் மஞ்சள் சட்டையும் இல்லை. நிற்காமல் போனதற்காக வாங்யே வருத்தம் தெரிவிக்கிறார். இந்தக் கடைசி வரி இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தியென்திங் சொல்லிவிட்டார். யோங்சாங் கோயில் முத்திரையைக் குத்தினார்.

ஒப்புதலுக்குப் போன அதை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. மூன்றாம் விதியில் குறிப்பிடப்படும் நபரின் அடையாள எண்ணும் முகவரியும் இல்லை, அவர் சார்பில் கையெழுத்திட்டவருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டதற்கான ஆவணமும் இல்லை என்று குறிப்பு எழுதியிருந்தது. லியாவ் 'வாங்யே' என்பதை அடித்துவிட்டு 'கோயில் நிர்வாகம்' என்று எழுதினார். தியென்திங் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு, மேலே இருப்பவர்களுக்கு அவ்வளவுதான் தெரியும் என்று கையெழுத்துப் போட்டார். அதற்குள் வாத்துகள் முப்பத்தோராம் நாளே முட்டையிட ஆரம்பித்திருந்தன. மனுவை வாபஸ் வாங்குவதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

அதன்பிறகு சாய்லியெனைக் கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அவள் நியாயமானவள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் யாருடைய ஆளும் இல்லை என்றுதான் சொன்னார்கள். தன்னைக் கேட்டு வருகிறவர்கள் குறைந்ததில் போலீஸ்காரர் இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. வாரத்துக்கு ஒரு மத்தியானம் மூன்று மத்தியானம் ஆனது. சிலிண்டர் தாமதமாக வருகிறது என்று ஊர்த்தலைவர் வீட்டிலேயே குறை சொன்னார்கள்.

மறுவருஷ ஊர்வலம் பண்ணைப் பக்கம் திரும்பியபோது அவளுடைய லாரி அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. முன்னால் முரசுகள் நின்றன. முந்நூறு பேர் வெறும் செருப்புச் சத்தத்தோடு நடந்தார்கள். யாரோ ஒருவனுடைய கைப்பேசி அடித்தது, நாலு பேர் திட்டினார்கள், கிசுகிசுப்பாக. பண்ணை வாசலில் பல்லக்கு நின்றது. தியென்திங் மூன்று கோப்பையிலும் மது ஊற்றி, பத்தி கொளுத்தி, முழங்காலைப் பொருட்படுத்தாமல் கீழே விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பனியனோடு நின்ற யோங்சாங் முன்கம்பை அவரிடம் நீட்டினார். தியென்திங் தோளில் வாங்கிக்கொண்டு பத்தடி நடந்தார். முகம் அழுகிற மாதிரி இருந்தது, மூட்டு வலியாகவும் இருக்கலாம்.

அடுத்த வாரம் சாய்லியென் அந்த வீட்டுக்கு சிலிண்டர் கொண்டுபோனபோது அடுப்பங்கரையில் முட்டைத் தட்டுகள் வழக்கத்தில் பாதி உயரம்தான் இருந்தன.

"முட்டை எப்படிண்ணே?"

"எப்பவும்போலத்தான்," என்றார் தியென்திங், தட்டுகளுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு.

"நல்லது," என்றாள் அவள், தட்டுகளைப் பார்க்காத மாதிரி. காலி சிலிண்டரை இடது தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்கு நடந்தாள்.