அத்தை கிளறிய எண்ணெய்

சூடானில் அத்பரா நகரத்து ரயில்வே குடியிருப்பில் எந்த வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும் முதலில் தட்டப்படுவது இக்லாஸின் கதவுதான். அவள் காய்ச்சும் கர்கார் எண்ணெய் இல்லாமல் அந்தப் பக்கத்து மணப்பெண்கள் புகுந்த வீடு போவதில்லை. பகலில் அரசு மருந்தகத்தில் ஊசி போடுவாள். சாயங்காலமானால் நல்லெண்ணெய், மாட்டுக் கொழுப்பு, ஆரஞ்சுத் தோல், கிராம்பு என்று கரி அடுப்பின் முன்னால் நிற்பாள்.

ஆனால் தான் காய்ச்சியதில் ஒரு சொட்டைக்கூட அவள் தன் உடம்பில் தடவிப் பார்த்ததில்லை. அந்த வாசனை கல்யாணமானவர்களுக்கு உரியது. முப்பத்து நான்கு வயதாகியும் அவளுக்கு ஆகவில்லை. தோலின் சூடு பட்டால்தான் எண்ணெயின் குணம் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு பக்கத்து வீட்டுக்காரியிடம், "கொஞ்சம் கையைக் குடுங்கக்கா" என்று கேட்டு, அந்த மணிக்கட்டை முகர வேண்டும். கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துப் போயிருந்தது.

இப்போது கல்யாணம் அவள் வீட்டிலேயே வந்தது. தங்கை ரிஹாபுக்கு. ஊருக்கெல்லாம் காய்ச்சியதைவிட இது ஒரு படி மேலாக வர வேண்டும் என்று, வெயிலில் காயப் போட்ட ஆரஞ்சுத் தோலைத் தானே தினமும் புரட்டிப் போட்டாள். கிராம்பைத் தானே இடித்துச் சலித்தாள்.

அன்று முற்றம் முழுக்கப் பெண்கள். தாளம் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். சட்டியில் தோல் பொரிந்து சத்தம் அடங்கிக்கொண்டிருந்தது. இனி இறக்கி வைத்து, சூடு தணிந்த பிறகுதான் கிராம்புத் தூள். அதைப் போட்டு முதலில் கிளறுவது மட்டும் இக்லாஸின் வேலை இல்லை. ஒரே புருஷனோடு நிறைவாக வாழ்கிறவள்தான் கிளற வேண்டும். அவள் ராசி பெண்ணுக்கு ஒட்டிக்கொள்ளுமாம். அப்பாவின் தங்கை பத்தூல் அத்தை, உடம்பைச் சுற்றியிருந்த தோப் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"எங்கடி கிராம்பு?"

"கொஞ்சம் பொறுங்க அத்தை. சட்டிய எறக்கணும். கொதிக்கிறப்போ போட்டா கருகிடும்."

"ஏழு புள்ள பெத்த கைடி இது. கருகுமாம்ல!"

கிண்ணம் அப்படியே கவிழ்ந்தது. கறுப்பு நுரை பொங்கி, கண்ணைக் கரிக்கும் புகை எழுந்தது. அத்தை சாவகாசமாகக் கிளறினாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

"அத்தை, கருகிப் போச்சு" என்றாள் இக்லாஸ்.

அம்மா அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "நல்ல காரியம் நடக்கையில வாய அடக்கு."

"ஸகிய்யாக்கா, நீங்களாச்சும் மோந்து பாத்துச் சொல்லுங்களேன்."

பக்கத்து வீட்டு ஸகிய்யா மணிக்கட்டில் தடவி முகர்ந்தாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்தாள். "பிரமாதம்! பத்தூலம்மா கைன்னா சும்மாவா?" அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும். எண்ணெய் கருகிற்று என்றால் ராசி கெட்டது என்றாகும்; அதை யார் வாயால் சொல்வார்கள்? இக்லாஸுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. இத்தனை மூக்குகள் இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லையே!

மணப்பெண்ணை மறைத்துக் கட்டியிருந்த திரைக்குப் பின்னாலிருந்து ரிஹாப் கேட்டாள்: "அக்கா, எப்படி வந்திருக்கு?"

அதற்கு மேல் இக்லாஸால் பொறுக்க முடியவில்லை. கரண்டியிலிருந்த எண்ணெயை ஊதி உள்ளங்கையில் ஊற்றினாள். முழங்கை வரைக்கும் தேய்த்தாள். கையை ஒவ்வொருத்தி மூக்குக்கு முன்னாலும் நீட்டினாள். "இப்ப மோந்து பாருங்க! இதையா எந் தங்கச்சி பூசிக்கணும்?"

தாளம் நின்றது.

"அடிப் பாவி!" அத்தை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "கல்யாணமாகாதவ பூசிக்கிட்டாளே! இவ கை பட்டுல்ல சட்டி கெட்டுப் போச்சு!"

"அதுக்கு முன்னாடியே கருகிடுச்சு அத்தை…"

யாரும் காதில் வாங்கவில்லை. எல்லா மூக்குகளும் சட்டென்று வேலை செய்யத் தொடங்கின.

"ஆமாமா, கருகல் நெடி" என்றாள் ஸகிய்யா. "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"கொட்டுங்கடி இத! வேற சட்டி வைங்க!" என்றாள் அத்தை.

இக்லாஸ் பேச வாயெடுத்தாள். எதிர்த்துப் பேசினால் பழி அத்தை கைக்குப் போகும். அது போனால் கருகல் மறுபடியும் பிரமாதமாகிவிடும். வாயை மூடிக்கொண்டாள். குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தும் கை நாறியது.

இரண்டாவது சட்டியின் சத்தம் அடங்கியதும், யாரையும் கேட்காமல் அதைத் தரையில் இறக்கினாள். நன்றாக ஆறவிட்ட பிறகுதான் கூப்பிட்டாள்.

"இப்ப கிளறுங்க அத்தை."

"நீ தள்ளிப் போ."

சுவரோரம் போய் நின்றாள். குலவை எழுந்தது. ஸகிய்யா பூசிப் பார்த்துவிட்டு மணிக்கட்டைத் திரைக்குள் நீட்ட, "ஐயோ, எவ்ளோ நல்லாருக்கு!" என்று ரிஹாபின் குரல் கேட்டது.

"பாத்தியாடி, என் கை!" என்றாள் அத்தை.

எல்லோரும் சட்டியைச் சூழ்ந்து நின்றார்கள். இக்லாஸ் எட்டி எட்டி மூச்சிழுத்துப் பார்த்தாள். தன் கையிலிருந்த கருகல்தான் வந்தது.

மறுநாள் மருந்தகத்தில் ஊசிக்கு வந்த வெளியூர்க் கிழவி மூக்கைச் சுளித்தாள். "எண்ணெய இப்படிக் கருக்கி வச்சிருக்காங்களே, யாரும்மா காய்ச்சினது?"

இக்லாஸ் பஞ்சை நனைத்தாள்.

"நான்தாம்மா. கையைக் குடுங்க."